விடைத்தாளைத் திருத்துங்கள்: நம் ஊர்த் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

மூன்று மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்துவிட்டேன். முதலாவதுக்கு "கிடைத்தது, குழுவில் பேசுகிறோம்" என்று ஒரு வரி வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சென்ற மாதம் இளையோர் வினாடி வினாவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். "எந்தச் சட்டம், எந்தக் கட்சி" என்ற அந்தச் சுற்றில், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரே ஒரு கட்சியின் பெயரைச் சரியான விடையாக நீங்கள் எழுதி வைத்திருந்த விடைத்தாளைத் திருத்துங்கள்.

என் மகளுக்கு 13 வயது. அமெரிக்க வரலாறு என்று தலைப்பு அறிவித்த நாளிலிருந்து ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் யார் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலை அச்செடுத்து, ஜனநாயகக் கட்சிக்கு நீலம், குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு என்று பென்சிலால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து வந்து, "அம்மா, கலரை வெச்சு ஒண்ணுமே புரியலை" என்றாள். புரியாதுதான். ஆதரவு 73, எதிர்ப்பு 27. அந்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சி, 6 பேர் குடியரசுக் கட்சி. ஆனால் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன் ஜனநாயகக் கட்சி. அப்புறம் அவளாகவே உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன 11 தென்மாநிலங்களைத் தனியாகக் கோடு போட்டுப் பிரித்தாள். அந்த மாநிலங்களின் 22 செனட்டர்களில் 21 பேர் எதிர்த்திருந்தார்கள். ஆதரித்த ஒரே ஒருவர் டெக்சாஸின் யார்பரோ. அன்று ராத்திரி அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன், ஒரு பூட்டைத் தானே திறந்துவிட்ட மாதிரி இருந்தாள்.

மேடையில் அதே கேள்வி வந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி எது? அவள், "ரெண்டு கட்சியும் சேர்ந்துதான் அங்கிள், எதிர்த்தவங்க பெரும்பாலும் சவுத்" என்று ஆரம்பித்தாள். "ஒரு கட்சியோட பேரை மட்டும் சொல்லும்மா" என்றார் கேள்வி கேட்டவர். "ஒண்ணு மட்டும் சொன்னா தப்பாயிடும் அங்கிள்" என்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மணி அடித்தது. அடுத்த அணிப் பையன் "டெமாக்ரட்ஸ்" என்று ஜனநாயகக் கட்சியைச் சொன்னான், பத்து மதிப்பெண், கைதட்டல். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, விடைத்தாளில் இருந்ததைத்தான் அவன் சொன்னான். என் மகள் வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வண்ணப் பட்டியல் இப்போது அவள் மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு அந்தப் பத்து மதிப்பெண் வேண்டாம். விடைத்தாளைத் திருத்துங்கள், அது போதும்.

நிகழ்ச்சி முடிந்து நான் கேட்டபோது, "பிள்ளைங்களுக்கு எளிமையாத்தானே சொல்லணும்" என்றார் உங்களில் ஒருவர். யோசித்துப் பாருங்கள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று அத்தனை விதிகளையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம். கட்சி, மாநிலம், ஆண்டு, ஓட்டு என்று நான்கு கட்டம் போட்ட ஒரு அட்டவணை அவர்களுக்குப் புரியாதா? எளிமை என்ற பெயரில் நாம் கொடுத்தது பாதி உண்மை. மறுநாளே அதன் பலனை நம் வாட்ஸாப் குழுவில் பார்த்தோம். ஒரு பக்கம் "லிங்கனின் கட்சிதான் எல்லாம் செய்தது" என்று குடியரசுக் கட்சியைச் சொன்னார்கள், மறுபக்கம் "ஜான்சனின் கட்சிதான்" என்றார்கள். நாற்பது ஐம்பது செய்திகள், இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இரண்டு தரப்புமே கட்சிப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்களே தவிர, எந்த ஆண்டின் கட்சி, எந்த மாநிலத்தின் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் தென்மாநிலமான அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல். வாக்குச்சீட்டில் சேவல் படத்தோடு "வெள்ளையர் மேலாதிக்கம்" என்ற சொற்களையும் அச்சடித்திருந்தார்கள். 1966இல்தான் அந்தச் சொற்களை எடுத்தார்கள். அதே ஆண்டில் அதே மாநிலத்தின் லவுண்டஸ் மாவட்டத்தில் கருப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி வைத்துக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக்கித் தேர்தலில் நின்றார்கள். இன்னொரு பக்கம் கலிபோர்னியாவின் செனட்டர் கிளேர் எங்கிள். அவரும் ஜனநாயகக் கட்சிதான். மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. 1964 ஜூன் 10, சட்டத்தைப் பேசிப் பேசியே முடக்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்த ஓட்டெடுப்பு நடந்த நாள். அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் வரவில்லை, கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கான சொல்லும் (eye) சபையில் 'ஆம்' என்று சொல்லும் சொல்லும் (aye) ஒரே ஒலி. அடுத்த மாதமே இறந்துபோனார். சேவலும் இவரும் ஒரே கட்சிப் பெயரின் கீழ் இருந்தார்கள் என்பதை நம் விடைத்தாள் எப்படிச் சொல்லும்?

அந்த ஜூன் 10 அன்று முடக்கத்தை நிறுத்த 67 ஓட்டு தேவை, கிடைத்தது 71. அதில் 27 குடியரசுக் கட்சியுடையது. அவர்களைச் சேர்த்துக் கொடுத்தவர் இல்லினாயின் டர்க்சன், அந்தக் கட்சியின் செனட் தலைவர். அதே கட்சியின் கோல்ட்வாட்டர் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார், அடுத்த மாதமே அக்கட்சியின் அதிபர் வேட்பாளரானார். நவம்பரில் சொந்த மாநிலம் அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் தெற்கின் மாநிலங்கள். தென் கரோலினாவின் செனட்டர் தர்மண்ட் அந்த செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். ஒரே ஆண்டுக்குள் ஒரு பெயரின் பொருள் மாறத் தொடங்குவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். 2009 டிசம்பர் 24 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் 60க்கு 39 என்று நிறைவேறியபோது ஆதரித்த குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட இல்லை. அங்கே கட்சிப் பெயரே பதில். 1964இல் அது பதில் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறேன்.

அதே சுற்றில் முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சி என்று எழுதியிருந்தீர்கள், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1935இல் அது பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே விட்டது. தெற்கில் கருப்பின மக்கள் பெரும்பாலும் செய்த வேலைகள் அவைதான். 1950இல் அதிபர் ட்ரூமன் காலத்திலும் 1954இல் அதிபர் ஐசனோவர் காலத்திலும் வந்த திருத்தங்களில்தான் அவர்களில் பலர் உள்ளே வந்தார்கள். முன்னவர் ஜனநாயகக் கட்சி, பின்னவர் குடியரசுக் கட்சி.

நம் கதையையாவது பார்ப்போம். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் வரலாம், குடியுரிமையும் பெறலாம் என்ற 1946 சட்டத்தில் இரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன: லூஸ், செல்லர். லூஸ் குடியரசுக் கட்சிப் பெண், செல்லர் ஜனநாயகக் கட்சிக்காரர். குடியேற்றத்தில் இருந்த நாடுவாரி ஒதுக்கீட்டைத் தூக்கிவிட்டு நம் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்த 1965 சட்டத்திலும் அதே செல்லரின் பெயர் இருக்கிறது. செனட்டில் 76க்கு 18, இரண்டு கட்சியிலும் பெரும்பான்மை ஆதரவு. இந்த ஊரில் இப்படி ஒரு சங்கம் இருப்பதற்கே காரணமான சட்டத்தை, அந்தச் சுற்றில் கேட்கவே இல்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். நீங்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள், அரங்கம் பிடிப்பதிலிருந்து சாப்பாடு வரை உங்கள் சொந்த நேரம் என்பது எனக்குத் தெரியும். நானும் இரண்டு பொங்கலுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். விடைத்தாளைத் திருத்தி, பங்கேற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை சட்டம் பற்றிக் கேட்டால் ஆண்டும் மாநிலமும் ஓட்டும் சேர்த்துக் கேளுங்கள். அட்டவணை போட்டுத் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அடுத்த வினாடி வினாவுக்குப் பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. என் மகள் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அன்புடன்,
பங்கேற்ற மாணவி ஒருத்தியின் அம்மா