முகம் மட்டும் ஏன் ஒரு பக்கமாக?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை.

சூரிச்சில் ரீட்பெர்க் அருங்காட்சியகத்துக்குப் போய் நம் நாட்டுப் பழைய சிற்றோவியங்களைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். "ராஜா படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா, எல்லாரும் பக்கவாட்டில் பார்க்கிறார்கள், சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்" என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவள் நான். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

அக்பர் காலத்துப் படங்களில், முழுப் பக்கவாட்டாக இல்லாமல் முக்கால் பங்கு நம் பக்கம் திரும்பிய முகம்தான் அதிகம். தன் அவையில் இருந்த பெரிய மனிதர்களையெல்லாம் வரையச் சொல்லி அவர் ஒரு தொகுப்பே சேர்த்தார், தானும் உட்கார்ந்துகொடுத்தார் என்று அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். மகன் ஜஹாங்கீர் காலத்தில்தான் பக்கவாட்டு முகம் நிலைத்தது. நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, தாடை என்று இறங்கும் அந்த ஒரு கோட்டில்தான் ஆளை அடையாளம் தெரியும். அது சரியாக அமைந்துவிட்டால், மெலிதாகப் பதப்படுத்திய மான்தோலில் அதைப் பிரதி எடுத்து, ஊசியால் துளையிட்டு, கரித்தூள் தட்டி வேறொரு தாளில் இறக்குவார்கள். துளை போட்ட தட்டில் கோலமாவு தட்டுகிறோமே, அதுபோல. ஒரே முகம் படத்துக்குப் படம் வருவது இதனால்தான்.

முகச்சாயல் விஷயத்தில் ஜஹாங்கீர் ரொம்பக் கறார். 1613-ல் பாரசீகத்துக்குத் தூது அனுப்பியபோது, அந்நாட்டு மன்னர் ஷா அப்பாஸை நேரில் பார்த்து வரைந்து வரச் சொல்லி பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் சேர்த்து அனுப்பினார். ஷாவைப் பார்த்தவர்கள் "அவரேதான்" என்று ஒப்புக்கொண்டதும், ஓவியருக்கு ஒரு யானை பரிசு! ஆனால் அதே ஜஹாங்கீரைத் தீட்டிய படங்களைப் பார். தலைக்குப் பின்னால் பெரிய ஒளிவட்டம், மேலே இறக்கை முளைத்த குழந்தைகள். பாதிரியார்கள் கொண்டுவந்த ஐரோப்பிய அச்சுப்படங்களில் இருந்து வந்தவை இவை. முகம் நிஜமாக இருக்கிறது, சுற்றியுள்ள எல்லாம் அதிகாரம் பேசுகிறது. நீ அலுத்துப்போனது இங்கேதான் என்றால், அது எனக்குப் புரிகிறது.

நீ பார்க்க வேண்டியது நைன்சுக் என்ற ஓவியரின் படங்களை. இமயமலை அடிவாரத்தில் குலேர் என்ற ஊர்க்காரர். அப்பா பண்டிட் சேவு, அண்ணன் மனக்கு, இருவரும் ஓவியர்கள். 1740 வாக்கில் நைன்சுக் ஜஸ்ரோட்டாவுக்குப் போய் பல்வந்த் சிங் என்பவரிடம் சேர்ந்தார். இன்றைய ஜம்முவில் கதுவா மாவட்டத்தில் இருக்கிறது அந்த இடம். பல்வந்த் சிங் பெரிய மன்னர் இல்லை. சரித்திரப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். ஆனால் அவரை நைன்சுக் பார்த்ததுபோல எந்தச் சக்கரவர்த்தியையும் எந்த ஓவியரும் பார்க்கவில்லை என்பேன்.

நாவிதர் தாடியைத் திருத்தும்போது முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ராஜா. கூடாரத்துக்குள் தனியாக ஏதோ எழுதுகிறார். குளிருக்கு ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறார். முகம் பக்கவாட்டில்தான், மரபு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தோள் தளர்ந்திருக்கும் விதம், முதுகு வளையும் விதம், இதெல்லாம் கூடவே இருந்து பார்த்தவனுக்குத்தான் கைவரும். பின்னணியைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுவிடுவார் நைன்சுக். அந்தத் துணிச்சல்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1763-ல் பல்வந்த் சிங் இறந்துபோனார். அஸ்தியோடு ஹரித்வாருக்குப் போனவர்களில் நைன்சுக்கும் ஒருவர். அங்கே பண்டாக்கள் எனும் தீர்த்தப் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் வம்சாவளியைப் பேரேடுகளில் எழுதிவைப்பார்கள் அல்லவா? அதில் தன் கையாலேயே எழுதி, ஒரு சின்னப் படமும் வரைந்திருக்கிறார். இரு நூறு வருஷம் கழித்து பி. என். கோஸ்வாமி என்ற கலை வரலாற்று அறிஞர் இந்த மாதிரிப் பேரேடுகளைத் தேடிப் படித்துத்தான் பஹாடி, அதாவது இமயமலைப் பகுதி, ஓவியக் குடும்பங்களின் கதையையே மீட்டெடுத்தார். அதற்கு முன்பு இந்தப் படங்களை ஊர்ப் பெயரால்தான் பிரித்து வைத்திருந்தார்கள்.

நீ சீக்கிரம் கிளம்பிவந்த அந்த அருங்காட்சியகத்திலேயே, பல்வந்த் சிங் ஓர் ஓவியத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் கைகூப்பி உட்கார்ந்திருப்பவர் நைன்சுக். காகிதப் படங்களை வெளிச்சத்தில் ரொம்ப நாள் வைத்தால் நிறம் போய்விடும், அதனால் எப்போதும் மாட்டியிருக்க மாட்டார்கள். போகும் முன் விசாரித்துக்கொள்.

போனால் செல்போனை எடுக்காதே. பென்சிலும் ஒரு நோட்டும் கொண்டுபோ. முகத்தை விட்டுவிட்டு, முதலில் ராஜாவின் முதுகை வரை, அப்புறம் ஓவியரின் முதுகை. இரண்டையும் எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா