இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்

கோவில்பட்டி
27.1.2026

அன்புள்ள சம்முவத்துக்கு,

உன் கடிதம் போகியன்றே கைக்கு வந்துவிட்டது. பதில் இத்தனை நாள் தள்ளிப் போனதற்கு நீ என்ன திட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஊரார் கடுதாசியை எல்லாம் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி அனுப்பியவன், தன் கடுதாசியை மட்டும் மேசையிலேயே போட்டு வைப்பான் என்றுதானே? காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நீயே நேரம் பார்த்து விடு. அவர்களாக விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில்தான் போகும்.

பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். பேத்திக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து போய்க் கண்ணில் பட்டதை எல்லாம் வாயில் வைக்கிற பருவம். காணும் பொங்கலன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். வந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை ரயிலேறினார். அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது.

போஸ்ட் ஆபீஸ் புத்தி போகுமா? பழைய டைரி ஒன்றை எடுத்து நேரம் போட்டு எழுத ஆரம்பித்தேன். 11.20 வாந்தி. 11.50 வாந்தி. 12.30 பேதி, வெறும் தண்ணீர். 12.45 வாந்தி. 1.10 பேதி. மகள் சிரித்தாள், "அப்பா, இது ரிஜிஸ்தர் தபாலா?" என்று. மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை தடவை, எப்போதிலிருந்து என்பதுதான். டைரியை அப்படியே நீட்டினேன்.

ஆனால் அந்த ராத்திரி நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். போன கோடையில் எனக்குத் தலை சுற்றியபோது வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற அந்த உப்பு-சர்க்கரைப் பொடிதான், அலமாரியில் இருந்தது. அவசரத்தில் அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்கினேன். கால் டம்ளர் ஊற்றி வாயில் வைத்ததும் பிள்ளை தவித்துப் போய் மடக் மடக்கென்று குடித்தாள். எனக்கு ஒரே பெருமை. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, குடித்தது எல்லாம் என் சட்டையில். அப்புறம்தான் மகள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உப்பு இரண்டு பங்காகிவிட்டால் பச்சைக் குழந்தைக்கு அது மருந்தில்லை, மூளையையே பாதிக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரிப்பதும் கூடாதாம். எந்தப் பாதியில் எந்த உப்பு அதிகம் போனது என்று யாருக்குத் தெரியும்? இருந்ததைக் கொட்டிவிட்டு, வீட்டிலிருந்த இன்னொரு பாக்கெட்டை ஆறவைத்த வெந்நீர் சரியாக ஒரு லிட்டர் அளந்து கலக்கினோம்.

இதற்குள் பக்கத்து வீட்டம்மா விளக்கு எரிவதைப் பார்த்து வந்துவிட்டார். பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார். அப்புறம் தொக்கம் விழுந்திருக்கும், தின்றது எதுவோ உள்ளே சிக்கியிருக்கும், விடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். நல்ல மனுஷிதான், குறை சொல்லவில்லை. உன் தங்கச்சியும் பயத்தில், "பாலை நிறுத்துங்க, உள்ள போறதெல்லாம் வெளியதான வருது" என்றாள்.

அப்போதுதான் அம்மா குரல் கேட்டது. எண்பத்தேழு வயது. நடக்கக் கைத்தடி வேண்டும். எப்போது எழுந்து வந்து கதவோரம் நின்றாள் என்றே தெரியவில்லை. "குடு. பாலு குடு, தண்ணி குடு. யாரு சொன்னாலும் நிப்பாட்டாதீக." அதட்டல்தான். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். 1973 சித்திரை. அவளுக்குப் பத்து மாதம், எனக்குப் பதிமூன்று வயது. வாந்தியும் பேதியும் வந்து, வீட்டுப் பெரியவர்கள் கூடி, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு என்றார்கள். அம்மா ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை அந்தத் துணியைச் சப்பும். இரண்டாம் நாள் அழுதாள், கண்ணில் நீர் வரவில்லை. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதன் அடையாளம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. குழி விழுந்துவிட்டது என்று உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். மூன்றாம் நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

சரி, இந்தக் கதைக்கு வருகிறேன்.

காலையில் டாக்டரிடம் போகிற வழியில் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். ஆரஞ்சு நிறத்தில் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார், உறிஞ்சுகுழல் வைத்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீராம். அளவுக்கு மீறிச் சர்க்கரை போனால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். சூத்திரப்படி இல்லாத பானத்துக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக்கூடாது என்று 2025 அக்டோபரிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டாயிற்று. கடைக்காரர் கை பழைய பழக்கத்தில் போயிருக்கிறது. என் கையும் வாங்கிக்கொண்டதே.

"யூரின் எப்போ போனா?" என்றார் டாக்டர். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. டயப்பரில் எது பேதி, எது மூத்திரம்? எல்லாம் தண்ணீர்தானே. டைரியில்கூட அந்தப் பத்தி இல்லை! டயப்பரைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியில் படுக்கப்போடச் சொன்னார். நர்ஸ் துணி தேடப் போவதற்குள் என் தோளில் கிடந்த பழைய துண்டை விரித்துவிட்டேன்.

பிறகு தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்து விட்டார். உன் வயிற்றிலும் என் வயிற்றிலும் செய்தால் விட்ட நொடியே மட்டமாகிவிடும் (நம் வயசுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம், பயப்படாதே). அவளுக்கு அந்த மடிப்பு ஒரு கணம் நின்று, பிறகுதான் இறங்கியது. கண் லேசாக உள்ளே போயிருந்தது. நாக்கு வறட்சி. ஆனால் ஸ்பூனைக் கண்டால் எட்டி எட்டிக் குடித்தாள். அந்தத் தவிப்புதான் நல்ல அடையாளமாம். குடிக்கிற வரைக்கும் வாய் வழியே சமாளிக்கலாம். குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ ஒரு நிமிஷம் காக்கக்கூடாது, அப்போதுதான் டிரிப். நானோ வந்ததிலிருந்தே "ஒரு பாட்டில் ஏத்திருங்க சார்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். எடை எட்டுக் கிலோ. கிலோவுக்கு 75 மில்லி. ஆக 600 மில்லி, நாலு மணி நேரத்துக்குள். ஒரு ஸ்பூன் ஐந்து மில்லி என்றால் 120 ஸ்பூன். நாலு மணி நேரம் 240 நிமிஷம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். "நடுவுல வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு, இன்னும் மெதுவா ஆரம்பிங்க. உங்களுக்குக் கணக்கு எழுதற பழக்கம் இருக்கே, நீங்களே உட்காருங்க" என்று ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மகள் மடியில் பிள்ளை, என் கையில் ஸ்பூன். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை இன்னும் கேட்டு அழுகிறாள், கையிலிருக்கிற டம்ளரைப் பறிக்க வருகிறாள், கொடுத்தால் முந்தின ராத்திரிக் கதைதான். முப்பத்தெட்டாவது ஸ்பூனில் ஒரு வாந்தி. பத்து நிமிஷம் காத்திருந்தோம். நடுவில் மகள் தாய்ப்பாலும் கொடுத்தாள், அதற்குத் தடையே இல்லை. தொண்ணூறைத் தாண்டியதும் அழுதாள் பார், கன்னத்தில் நீர் வழிந்தது. நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். மகளுக்கு ஏன் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் துண்டு நனைந்தது, பக்கத்திலிருந்த என் வேட்டியும்தான். 11.50 யூரின் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பேதியை நிறுத்த மருந்து எதுவும் தரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி நிறுத்துவது ஆபத்தாம். ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, மலத்தில் ரத்தம் வந்தால் வேறு கதை. வாந்திக்கு ஒரே ஒரு வேளை மருந்து, அப்புறம் ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம், ஒரு ஸ்பூன் பாலில் கரைத்து நாளுக்கு ஒன்று, பதினாலு நாள். பேதி நின்றாலும் ஜிங்க்கை நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டில் ஒவ்வொரு பேதிக்கும் அரை டம்ளர் கரைசல், அதுவும் ஸ்பூனில்தான். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான், மீதியைக் கொட்டிவிட வேண்டும். மறுநாளே குழைந்த பருப்புச் சாதம், தயிர் சாதம், வாழைப்பழம். இது ரோட்டா வைரஸ் வேலையாக இருக்கலாம், ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று தவணை அந்தச் சொட்டு மருந்து போட்டிருந்ததும் நல்லதாகப் போயிற்று என்றார்.

உன் பேரன் மாசி மாதம் வருகிறானே, அதனால்தான் இவ்வளவு விவரம். அவனுக்கு ஐந்து மாதம்தான். அந்த வயசில் இன்னும் சீக்கிரம் வற்றிப்போகும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ, நீ கடிதத்தைத் தேடிக்கொண்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஜிங்க்கும் அவனுக்குப் பாதி அளவுதான்.

நீ வேதியியல் வாத்தியார், உனக்கு ஒரு விருந்து வைத்திருக்கிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கிறது: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறதாம், அதில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் நுழையும். அவை நுழைந்தால் பின்னாலேயே தண்ணீர் போகும். பேதி எவ்வளவு போனாலும் அந்த வாசல் மூடுவதில்லை. வெறும் தண்ணீரோ, வெறும் உப்புத் தண்ணீரோ கொடுத்துப் பயனில்லாமல் போனதன் சூட்சுமம் இதுதான்.

இதை ஊரறியச் செய்த மனிதர் திலீப் மஹலானாபிஸ் என்ற வங்காள டாக்டர். 1971 யுத்தத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடாவைக் கலந்து டிரம்மில் ஊற்றி, நோயாளியின் சொந்தக்காரர் கையிலேயே குவளையைக் கொடுத்துக் குடிக்க வையுங்கள் என்றுவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவு என்றானது. 2022-ல்தான் இறந்தார். மறு வருஷம் பத்மவிபூஷண் கொடுத்தார்கள்.

1971. கணக்குப் போட்டுக்கொள்.

தூத்துக்குடியில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பரணில் பானை நிறையக் கருப்பட்டி. ஒரு சிட்டிகை உப்பையும் கொஞ்சம் இனிப்பையும் தண்ணீரில் போட்டுக் கொடுங்கள் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை.

மூன்றாம் நாள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டாள். அன்று மத்தியானம் நான் கரைசல் கலக்குவதை அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏல, இந்தப் பொடி எப்பம்ல வந்துச்சு?"

"ரொம்பப் பின்னாடிம்மா. எண்பதுக்கு மேலதான்" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நான் முதன்முதலில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தது 1986-ல்தான். அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் நான் எதை மறைத்து ஜெயித்திருக்கிறேன்?

மகள் லீவை நீட்டிவிட்டு இங்கேயே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், கன்னம் இன்னும் பழையபடி வரவில்லை. நீ பேரனை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வந்து தங்கிவிட்டுப் போ, மதினிக்கும் மாற்றமாக இருக்கும். கடலைமிட்டாய் வாங்கி வைக்கிறேன், உன் பல் தாங்கும் என்றால்.

ஜிங்க் இன்னும் ஐந்து நாள் பாக்கி. காலையில் மாத்திரை கரைத்தாயிற்றா என்று கேட்பது அம்மாதான். காலண்டரில் தினம் ஒரு கட்டத்தைக் கரிக்கோடு போட்டு வைக்கிறாள்.

உன்,
மாடசாமி