விசிறி விரிய வேண்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி.

இந்த வருஷமும் ராமாயண நாட்டிய நாடகத்தில் வானரக் கூட்டத்தில்தான் ஆடுகிறேன் என்றாய். வெளியில் ஒரு குழுவில் கூப்பிடுகிறார்கள், மேடையும் உண்டு, பணமும் உண்டு, கலாக்ஷேத்ராவில் பரதநாட்டியப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் யோசித்துவிட்டேன். நிறுத்தாதே. நாலு வருஷத்தையும் முடி.

எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆடுகிறவர்களுக்குத் தைக்கிறேன். சிவராத்திரி வந்துவிட்டால் நாட்டியாஞ்சலி விழா உடுப்புக்காக நம் வீட்டு மிஷின் ராத்திரியிலும் ஓடுவது உனக்குத் தெரியும். யார் அரைமண்டியில், அதாவது முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்தபடி, ஆடுவார்கள் என்பது அளவு எடுக்கும்போதே தெரிந்துவிடும். நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த பைஜாமா மேடையில் கிழிந்துவிடும். அதனால் அரைமண்டியில் உட்காரச் சொல்லி, முன்னிடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின்னிடுப்பு வரைக்கும் டேப் பிடிப்பேன். சில பிள்ளைகள் முட்டி இரண்டும் பக்கத்துக்குத் திரும்பி, முதுகு நிமிர்ந்து, நான் நோட்டில் எழுதி முடிக்கிறவரை அப்படியே இருக்கும். சில பிள்ளைகள் டேப்பைச் சுற்றுவதற்குள் எழுந்துவிடும்.

உடுப்பின் முன்னால் மடிப்பு மடிப்பாக வைக்கிற விசிறி இருக்கிறதே, அதை ஏமாற்ற முடியாது. முட்டி நன்றாக விலகினால்தான் மடிப்பு முழுசாக விரியும். கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பில் விரிந்த விசிறி, நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணத்தின் பாதியில் சுருங்கிப்போவதை எத்தனையோ மேடையில் பார்த்திருக்கிறேன். முகத்தில் சிரிப்பு இருக்கும், கை சுத்தமாக இருக்கும், விசிறி மட்டும் மூடிக்கொண்டிருக்கும். வர்ணம் என்றால் அரை மணி, முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் தாங்குகிற கால் இரண்டு வருஷத்தில் வந்துவிடாது.

பொங்கலுக்கு வந்தபோது கொல்லையில் பேச்சுவாக்கில் "தையா தை" என்று பாதம் தட்டும் தட்டடவு போட்டாயே, நான் கவனித்தேன். முதல் காலமும் இரண்டாம் காலமும் அழகு. வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் உடம்பு மேலே எழும்பியது. கொஞ்சம்தான், ஆனால் எழும்பியது. தாளம் தட்டும் தட்டுக்கழியோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்து தினமும் சொன்னால்தான் அது இறங்கும். வெளிக்குழுவில் யாருக்கு அதற்கு நேரம்? இன்றைக்குச் சொல்லிக்கொடுத்து நாளைக்கு மேடையேற்றுவார்கள்.

வானரம் என்று மனசு சுருங்க வேண்டாம். கலாக்ஷேத்ராவை ஆரம்பித்த, நீங்கள் எல்லோரும் அத்தை என்று சொல்கிற ருக்மிணி தேவி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக 1955 முதல் 1970 வரை செய்தார். அதில் கதகளியின் வலுவும் கலந்திருக்கிறது. கதகளி ஆசான் சந்து பணிக்கரோடு 1953ல் கேரளத்திலிருந்து வந்த இரண்டு பையன்கள்தான் பின்னால் பெரிய பேர் வாங்கிய தனஞ்சயனும் பாலகோபாலனும். கூட்டத்தில் ஆடும்போது எல்லோரோடும் ஒரே நொடியில் குதித்து ஒரே நொடியில் இறங்க வேண்டும். தனியாக ஆடுகிறவனுக்கு இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

சித்தப்பா வீட்டு விசேஷத்தில், "ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஆட்டம்?" என்று மறுபடி ஆரம்பித்தார்கள். பந்தநல்லூரும் வழுவூரும் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அந்த ஊர்களின் நாட்டிய வாத்தியார்கள் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ராமையா பிள்ளையும் ஆம்பளைகள்தானே? ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுத்தான் 1935ல் அடையாறில் மேடையேறினார். மறுவருஷம் கலாக்ஷேத்ரா பிறந்தது. நீ திருவான்மியூரில் போடுகிற அடவு நம் பக்கத்திலிருந்து போனதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வாத்தியார்கள் சொன்ன ஜதியை, அந்தத் தாளச் சொற்களை, தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்துக் காப்பாற்றியவர்கள் கோயிலில் ஆடிய பெண்கள். ஊர் அவர்களை மரியாதையாக நடத்தவில்லை. சலங்கையைத் தொட்டுக் கும்பிடும்போது அவர்களையும் நினைத்துக்கொள்.

பாட்டு வகுப்பையும் நட்டுவாங்கத்தையும் தள்ளிப்போடாதே. ஆடுகிற வயசு போனாலும் தாளம் பிடித்து ஜதி சொல்லத் தெரிந்தவனைத் தேடி வருவார்கள்.

அப்புறம், முட்டி. இடது முட்டி வலிக்கிறது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம், என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி மொட்டைமாடி சிமென்ட் தரையில் தனியாகத் தட்டுவதை இன்றோடு விடு. பாதத்தை மட்டும் திருப்பிக்கொண்டு முட்டி முன்னாலேயே நின்றால் முறுக்கல் முழுக்க முட்டியில்தான் விழும். தொடை மேலே இடுப்பிலிருந்தே திரும்ப வேண்டும், முட்டி பாதத்தின் நேருக்கு வர வேண்டும். இது உனக்குத் தெரியாததில்லை, களைப்பில் விட்டுவிடுகிறாய். தைலத்தைத் தடவிக்கொண்டு வலியை மறைக்காமல் நாளைக்கே டீச்சரிடம் சொல். ரெண்டு நாள் உட்கார்ந்து பார் என்றால் உட்கார்ந்து பார். பார்ப்பதும் பாடம்தான். எலும்பு டாக்டரிடம் போகச் சொன்னால் போ, பணம் அனுப்புகிறேன்.

பீஸைப் பற்றி நீ கணக்குப் போட வேண்டாம். இந்த நாட்டியாஞ்சலிக்கு நிறைய ஆர்டர் வந்திருக்கிறது, அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே.

உனக்கு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், வேட்டி மாதிரி வைத்துத் தைக்கலாம். கூட இருக்கிற பையன் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி அளவு அனுப்பு. அரைமண்டியில் எடுத்தால் போதும். முட்டி சரியாகிறவரை முழுக்க உட்காரும் முழுமண்டி வேண்டாம், அதை நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா