விடிந்தும் போகாத பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் ஏழாம் பக்கம், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்குப் பக்கத்தில் நாலு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘குடிக்கப் பணம் தராததால் தொழிலாளி தற்கொலை’. வயது, ஊர், மனைவி பணம் தர மறுத்தார், விரக்தியடைந்தார், போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். டீக்கடையில் அதை உரக்கப் படித்தவர், “சனியன் ஒழிஞ்சுது, இனியாச்சும் அந்தப் பொம்பள நிம்மதியா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ராசிபலனைப் பார்க்கப் போய்விட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே வாய்க்கு வராததை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். வயது 51. பதினாறு வருஷம் குடித்தேன். அதில் கடைசி ஆறு வருஷம் போதைக்காகக் குடிக்கவில்லை, கை நடுங்காமல் இருப்பதற்காகக் குடித்தேன். 2016 ஐப்பசியில் விட்டது, இன்றுவரை தொடவில்லை. அந்த நாலு வரிச் செய்தியாக நானும் வந்திருக்க வேண்டியவன்தான், எப்படியோ தப்பிவிட்டேன். அதனால் எனக்கு இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று சொல்வார்கள். கடனைத் திருப்பித் தருகிறேன், நாளையிலிருந்து தொடமாட்டேன், பிள்ளைக்குக் கொலுசு எடுத்துத் தருகிறேன், இதற்கெல்லாம் அந்தப் பழமொழி அச்சுக் குத்தினாற்போலப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ‘செத்துப்போறேன்’ என்ற பேச்சுக்கும் அதே அளவுகோலை வைத்துவிடுகிறோம். பக்கத்துத் தறி ஓட்டியவன் ஒருத்தன், என்னோடு பாரில் உட்கார்ந்து நாலைந்து ராத்திரி தொடர்ந்து சொன்னான், “இன்னும் கொஞ்ச நாள்தான் மச்சான்” என்று. “செத்தா எனக்குத் தரவேண்டிய முந்நூறு ரூபாய யார்றா குடுப்பா” என்று கேட்டேன். அவனும் சிரித்தான், எல்லோரும் சிரித்தோம். பத்து நாள் கழித்து அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த முந்நூறு ரூபாய் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ராத்திரி ஆர்ப்பாட்டம்தான் தெரியும். விடியற்காலை தெரியாது. மூன்றரை, நான்கு மணிக்குச் சட்டென்று விழிப்பு வரும். உடம்பெல்லாம் வியர்வை, நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், கை உதறும். பக்கத்தில் மனைவி தூங்கும்போதுகூட நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிடப்பாள். அப்போது ஒரு எண்ணம் வரும், சத்தம் போட்டு வராது, யாரோ கணக்கு எழுதுவதுபோல நிதானமாக வரும். நீ இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு சாப்பாடு மிச்சம், தறி ஓனரிடம் வாங்கின அட்வான்ஸை யாரும் கேட்கமாட்டார்கள், மகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று. எல்லாமே தப்புக் கணக்கு. அட்வான்ஸ் கடன் செத்தவனோடு போகாது, அவளைத் தறிக்கு இழுக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது சரியான கணக்காகத்தான் தெரியும். 2016 மே மாதம் டாஸ்மாக் கடை திறக்கிற நேரத்தைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டாக மாற்றினார்கள், எல்லோரும் நல்லது என்றார்கள், நல்லதாகவே இருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்குப் பார்க்கிற நேரம் இரண்டு மணி கூடிற்று, அல்லது திருட்டுத்தனமாக விற்கிற சந்துக்கடையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டி வந்தது.

அப்புறம் இந்தச் சாராயம் என்ன செய்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தறி பாஷையில்தான் புரிந்தது. ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிட ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் நூல் அறுந்தது தெரியாமல் தறி பாட்டுக்கு ஓடும். மனிதனுக்குச் சாகிற நினைப்பு வந்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒன்று நிறுத்திவிடுகிறது. போதை அந்தக் கம்பியைக் கழற்றிவிடுகிறது. காலையில் வருகிற எண்ணம் சாயங்காலம் போதையில் செயலாகிவிடுவது இப்படித்தான். பல பேர் நாள் கணக்கில் திட்டம் போட்டுச் செய்வதில்லை, ஒரு சண்டை, ஒரு வார்த்தை, அரை மணி நேரம், அதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரம் யாராவது கூட இருந்து தாண்டிவிட்டால் பிழைத்துவிடுகிறவர்கள் நிறைய.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘பணம் தராததால்’ என்று நீங்கள் போடும்போது அந்தப் பெண்தான் காரணம் என்று ஊர் படிக்கிறது. என் மனைவியும் ஒருநாள் அலுத்துப்போய் “செத்துத் தொலை” என்று சொன்னாள், குழு லோன் தவணைக்கு வைத்திருந்த காசை நான் எடுத்துவிட்ட அன்றைக்கு. அன்றைக்கு எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த ஒரு சொல்லைக் காலம் முழுக்க அவள் சுமந்திருப்பாள், உங்கள் தலைப்பும் அதை ஆமாம் என்று சொல்லியிருக்கும். அவள் மேல் துளியும் தப்பில்லை. வியாதி எனக்கு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குக் கொடுத்த கணக்கில் நாடு முழுக்க 1,70,924 தற்கொலைகள். அதில் போதை, குடிப்பழக்கம் என்ற காரணத்தின் கீழ் வருவது 6.8 சதவீதம். குடும்பப் பிரச்சினை என்ற காரணத்தின் கீழ் 31.7 சதவீதம். எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. எங்கள் தெருவில் குடும்பப் பிரச்சினை என்று எழுதப்பட்ட சாவுகளில் எத்தனைக்குப் பின்னால் பாட்டில் உருண்டது என்று எனக்குத் தெரியும். எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவருக்கு ஒரு காரணம் போதும், ஒரு கட்டத்தை நிரப்பினால் வேலை முடிந்தது.

குடிக்கும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நிறுத்தும்போதும் உண்டு. நம் ஊரில் நிறுத்துவது என்றால் கோயிலில் போய்க் கயிறு கட்டுவது, அல்லது மாலை போடுவது. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் தினம் ஒரு ஃபுல் அடித்த உடம்பு ஒரே நாளில் வெறுமனே நின்றால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி இல்லாத ஆட்கள் சுவரில் தெரிவார்கள், உயிரே போகலாம். எனக்குச் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடைகளைச் சட்டென்று மூடியபோது கேரளாவில் மது கிடைக்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்றுகூட உத்தரவு போட்டது, உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதை நிறுத்திவைத்தது. உத்தரவு சரியா தப்பா என்பது வேறு, அந்த நாட்களின் பயங்கரம் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் ஊசியும் போட்டு இறக்கினால் இது பெரும்பாலும் தாண்டக்கூடிய விஷயம்தான்.

தாண்டிய பிறகு வீட்டில் எல்லோரும் ‘திருந்திட்டான்’ என்று மூச்சுவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் ரொம்பக் கனமாக இருந்தது. கடன்காரன் இப்போது தெளிவாகத் தெரிகிறான், மகள் பேசமாட்டேன் என்கிறாள், சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் பாதிப் பாரம் தானே இறங்கும், இறங்காவிட்டால் அது தனியாக மனச்சோர்வு, அதற்கு மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு இறங்கவில்லை, எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். நடுவில் ஒருநாள் மறுபடி குடித்தும் விட்டிருந்தால் அந்த மறுநாள் காலையை எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியாது. வழுக்கி விழுந்தவனை அன்றைக்கு மட்டுமாவது திட்டாதீர்கள்.

நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றால், எங்கள் தறிப்பட்டறையில் பாவு பிணைக்கிற ஒரு பெரியவர், என்னைவிட இருபது வயசு மூத்தவர், ஒருநாள் காலை என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார். “ஏங் கண்ணு, செத்துக்கித்துப் போலாம்னு நெனப்பு ஓடுதா?” அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஏன் குடிக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். கேட்டால் புத்தி அந்தப் பக்கம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அப்படியெல்லாம் போகாது. எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி, ஓ.பி. சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அங்கே ஒருவர் “குடிச்சுட்டு வந்து எங்க உசிர வாங்கறீங்க” என்று எரிந்து விழுந்ததும் உண்மை, நான் திரும்பப் போய்விடுவேன் என்று அந்தப் பெரியவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றதும் உண்மை.

எல்லோருக்கும் சட்டையைப் பிடிக்க ஆள் இருப்பதில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019 இல் வெளியான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார்கள். இங்கே 2025 இல் அரசு ஆஸ்பத்திரிகளில் ‘கலங்கரை’ என்று 25 மறுவாழ்வு மையங்கள் திறந்திருக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் எங்கள் தெருவில் கேட்டுப்பாருங்கள், கடை எங்கே என்று குழந்தைகூடக் காட்டும், மையம் எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியாது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘பணம் தராததால்’, ‘மனைவி கண்டித்ததால்’ என்ற தலைப்பை விடுங்கள். எப்படிச் செய்தார் என்பதை எழுத வேண்டாம். நாலு வரிக்குக் கீழே ஐந்தாவது வரியாக 14416 என்று போடுங்கள், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. குடியை விட வழி கேட்க 14446 இருக்கிறது. முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று மறைக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. 2017 மனநலச் சட்டம் அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிக்க வேண்டும் என்கிறது, தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இதையும் ஒருநாள் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பேப்பர்களில் வரி விளம்பரப் பக்கத்தில் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம், 7 நாளில் குடியை மறப்பார்’ என்று வருகிறதே, அதை வாங்கி என் மனைவியும் ரசத்தில் கலந்தாள். அதில் என்ன இருந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சு படபடத்து வாந்தி எடுத்தேன். அதைவிட மோசம், வீட்டுச் சோற்றின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த விளம்பரத்துக்கு வருகிற காசு உங்களுக்கு வேண்டாம் சார்.

இதை வெளியிட்டால் பெயர் போட வேண்டாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளிபாளையம்.