இருபத்தாறாம் இலக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இத்தனை காலம் தள்ளிப்போட்ட ஒன்றை இன்று எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு இலக்கங்கள் 2 ஆல், முதல் மூன்று 3 ஆல், இப்படியே இடமிருந்து எத்தனை இலக்கம் எடுத்தாலும் அத்தனையால் மீதியின்றி வகுபட வேண்டும் என்ற அந்த எண்ணின் விதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 3608528850368400786036725 என்று எழுதிய உடனேயே உங்கள் விரல் இடமிருந்து இலக்கம் இலக்கமாக நகர்வது எனக்குத் தெரிகிறது.

அன்று மாலை, முதல் ஏழு இலக்கங்களை 7 ஆல் வகுக்கச் சொன்னீர்கள். 3608528, ஈவு 515504, மீதி இல்லை. அடுத்த 8ஐச் சேர்த்து 8 ஆல் வகுத்தேன். 4510661, மீதி இல்லை. ஒன்பதுக்கு வகுக்காமலேயே இலக்கங்களைக் கூட்டி 45 என்று காட்டினீர்கள். பதினொன்றுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்துப் பூச்சியத்தை வரவழைத்தீர்கள். 25 வரை ஒரு படியிலும் மீதி விழவில்லை. பிறகு, "இருபத்தாறாவதை நீயே கண்டுபிடி" என்று பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

எண்ணின் இறுதியில் ஒரு பூச்சியம் சேர்த்து 26 ஆல் வகுத்தேன், மீதி 12. அந்தப் பூச்சியத்தின் இடத்தில் 14 இருந்தால்தான் மீதியின்றி வகுபடும். ஓரிலக்கத்தில் 14 ஏது? நான் 4 என்று எழுதினேன். மீதி 16 என்று வந்த வரியை அழித்துவிட்டு, அண்ணனால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். தாளைப் பார்த்தீர்கள், ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் வீட்டில் நடந்தது மற்றவர்களையும் சேர்ந்தது. அவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

பொய் என்னுடையது. மன்னித்துவிடுங்கள். ஆனால் இருபத்தாறாவது இல்லை என்று தெரிந்துகொண்டே பத்து வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்தது நியாயமா, அண்ணா? இவ்வகை எண்கள் ஒன்பது இலக்கத்தில் 2492 இருக்கின்றன என்பதையும், பத்தாம் இடத்தில் பூச்சியம் மட்டுமே பொருந்துவதால் அங்கும் அதே 2492தான் என்பதையும், அதற்குமேல் வகுக்கும் எண் வளர வளர, கையிலுள்ள பத்து இலக்கங்கள் எல்லா மீதிகளையும் ஈடுகட்டப் போதாமல் கூட்டம் கரைந்துபோய் 25 இலக்கத்தில் இது ஒன்றே எஞ்சுகிறது என்பதையும், பல ஆண்டுகள் கழித்து நான் தனியாகத்தான் கற்றுக்கொண்டேன். இந்த ஒன்று நின்றுவிட்டால் அதற்குமேல் எதுவுமே இல்லை. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அதன்பிறகு நீங்கள் என்னோடு கணக்குப் போட உட்காரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதே விதிக்கு உட்பட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் 381654729தான் உங்களுக்கு எப்போதும் பிடித்தது. அந்தக் கச்சிதம் எனக்குப் பிடிபடவில்லை. முடியும்வரை ஓடி நின்ற நெடிய எண்தான் என்னுடையது.

அன்று நான் வகுத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் எதிரில் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல் இருந்தீர்கள். "அண்ணா, 14 வருகிறதே!" என்று நான் ஓடிவருவேன் என்றுதான் காத்திருந்தீர்களோ?

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 4ஐ இன்று அடித்துவிட்டேன். அழித்த தடத்தின் மேலேயே "மீதி 12, வேண்டியது 14" என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பி