வசனம் இல்லாத இடம்

அன்புள்ள மகளுக்கு,

நீ நடித்து அனுப்பிய வீடியோவை முதலில் சத்தமே இல்லாமல்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் சினிமா எடிட்டிங்கில் உட்கார்ந்த பழக்கம். காட்சியில் உனக்குப் போனில் சாவுச் செய்தி வருகிறது. புருவத்தைச் சுருக்குகிறாய், உதடு நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. எதிலும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசை விளிம்புக்கு நேராக அதை விரலால் மெல்ல நகர்த்தினாய் பார், அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. யோசித்துச் செய்தாயோ, தானாக வந்ததோ, அதை விட்டுவிடாதே.

குளோசப்பில் உன் முகம் திரை முழுக்க நிற்கும். மேடையில் கடைசி வரிசைவரை எட்டுவதற்காகச் செய்கிறதெல்லாம் அங்கே மிகையாகிவிடும். கண் இம்மி நகர்ந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியும். அழுகையைக் காட்ட முயலாதே, அடக்கப் பார். அழக்கூடாது என்று போராடுகிறவரைப் பார்த்துத்தான் நமக்குக் கண் கலங்குகிறது.

1920-களையொட்டி ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகபாவத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் இன்னொருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் முதலில் பசி என்றார்களாம், அடுத்து துக்கம் என்றார்களாம். இதை வைத்து நடிகர் ஒன்றும் செய்யவே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீ இடம் விட்டால் மீதியைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்வார், சரி. உள்ளே எண்ணமே ஓடாத முகத்தோடு எதை ஒட்டினாலும் ரொம்ப நேரம் தாங்காது.

எதிரில் இருப்பவர் பேச, நீ கேட்கிற ஷாட்டுகளில்தான் நிஜமான வேலை இருக்கிறது. தன் வசனத்துக்காகக் காத்திருக்கிற கண்ணை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன், அந்த ஷாட்டை வெட்டியும் விடுவேன். அதனால் ஏற்கெனவே தெரிந்த வசனமாக இருந்தாலும் காது கொடுத்துக் கேள்.

இன்னொன்று. போனை எந்தச் சொல்லுக்குப் பிறகு நகர்த்தினாய் என்பதை மனதில் குறித்துக்கொள். அடுத்த டேக்கில் அது இடம் மாறினால் இரண்டையும் ஒட்ட முடியாது. அருமையான நடிப்புகள் இந்த ஒரு காரணத்தால் படத்தில் வராமலே போனதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறாது.

இதே காட்சியை மறுபடி எடுத்து அனுப்பு. இந்தமுறை மறுமுனையில் யாரையாவது உண்மையாகவே பேசச் சொல். என்ன பேசப்போகிறார் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா