பாவையைப் பிள்ளைகள் பிடிக்கட்டும்: நன்கொடை வேண்டுகோள்

பெற்றோர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

2022-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்க அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து விரல் பொம்மையும் கைப்பொம்மையும் நம் தொடக்கப் பள்ளிக்குள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் பொம்மை டீச்சர் கையில் இருக்கிறது; கதை புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு பொம்மை செய்வது, கதை கட்டுவது, திரைக்குப் பின்னால் நின்று பேசுவது எல்லாமே பிள்ளைகள் பொறுப்பு என்று பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்திருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகளின் நிழல் திரையில் விழ, ஒரே ஆள் அவற்றை ஆட்டிக்கொண்டு, ராமனுக்கு ஒரு குரல், ராவணனுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் ராமாயணம் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான்! உள்ளூர்ச் சங்கதியெல்லாம் அவர்கள் வாயில் வரும். தெரிந்த கதைக்குள் தன் பேச்சை நுழைக்கும் அந்த வித்தையைத்தான் பிள்ளைகள் பழக வேண்டும். எழுந்து நிற்கவே கூச்சப்படுகிற பிள்ளைகூட, முகம் தெரியாது என்றால் பாவையின் குரலில் பேசிவிடும்.

நமக்கு ஆட்டுத்தோல் வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை, அட்டைப்பெட்டி, கலர் கண்ணாடித்தாள், ஈர்க்குச்சி போதும். திரைக்கு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு பல்பு. ரெடிமேட் பொம்மை வாங்கித் தரச் சிலர் முன்வந்தார்கள். நன்றி, ஆனால் வேண்டாம். வெட்டி ஒட்டும்போதுதான் பாதிக் கதை பிறக்கிறது.

மொத்தச் செலவு 18,000 ரூபாய். இதில் 12,000 பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வரும் கூத்துக் கலைஞருக்கு: நான்கு சனிக்கிழமை, நாளுக்கு 3,000. "பள்ளிக்கூடம்தானே, சும்மா வரமாட்டாரா?" என்று கூட்டத்திலேயே கேட்டார்கள். கேட்டால் வரவும் கூடும். ஆனால் டிவி வந்த பிறகு கூத்துக்கு அழைப்பே குறைந்துபோன குடும்பத்திடம் இலவசமாகக் கேட்க எங்களுக்கு மனமில்லை. மடக்கி வைக்கிற மரச்சட்டத்துக்கு 3,500. மீதி 2,500 தாள், பசை, கத்தரிக்கோல், பல்பு, ஒயர்.

50 ரூபாயாக இருந்தாலும் சரி, தலைமையாசிரியர் அறையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தச்சு வேலை தெரிந்தவர் யாராவது அரை நாள் வந்தால் சட்டத்தின் கூலி மிச்சம். அப்புறம், தாத்தா பாட்டிமாரே, நீங்கள் சின்ன வயதில் பார்த்த கூத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு மதியம் வாருங்கள். அதற்கு ரசீது கிடையாது, டீ உண்டு.